ஆங்கில மரபுத்தொடர்களும் நாமும்

(கல்விக் கழக வெள்ளிவிழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் பெருங்குழப்பம் தருகின்றன, அவற்றின் பொருளை விளக்குக என்பதே விழாக்குழுவினர் நமக்கு இட்ட பணி. இரண்டு மூன்று மதிப்பெண்களுக்குரிய செய்திதானே என்று இதனை எளிதாக எண்ணிவிடலாம். கடைத்தெருவில் விற்கும் வழிகாட்டி நூல்கள் நூற்றுக்கணக்கான தொடர்களை எழுத்து வரிசையில் அடுக்கிப் பொருளும் தந்துவிடுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்வதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டியதில்லை. ஆயினும் இத்தொடர்கள் தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. பணியாணையில் வருகின்றன, நிலப் பத்திரத்தில் வருகின்றன, நீதிமன்றத் தீர்ப்பில் வருகின்றன. நம்மைப் பற்றி உலகம் பேசும் பேச்சிலும் வருகின்றன. ஆகவே தேர்வில் தொடங்கித் தேர்வுக்கு வெளியேயும் சிறிது தூரம் செல்வோம்.

சொல்லுக்குச் சொல் பொருள் கூட்டினால் கிட்டாத பொருளைத் தருவதே மரபுத்தொடர். இஃது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய விந்தையன்று. கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான் என்று நம் தெருவில் ஒருவர் சொன்னால், எந்தக் கம்பியை என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. திருடன் காவலருக்குத் தண்ணீர் காட்டினான் என்றால், அவர்களின் தாகத்தைத் தீர்த்தான் என்று எவரும் கொள்வதில்லை. எழுதப் படிக்க அறியாத நம் பாட்டிமார் இத்தகைய தொடர்களில் பெரும்புலமை உடையவர்கள். அவர்கள் எந்த அகராதியையும் புரட்டியவர்கள் அல்லர். செவி வழியாகவும் சூழல் வழியாகவும் கற்றவர்கள்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை நமக்கு வாய்க்காதது அந்தச் செவிச் சூழலே. பாட்டன் காலந்தொட்டு அலுவலகம் சென்றுவந்த குடும்பங்களில் ஆங்கிலம் திண்ணையிலும் உணவு வேளையிலும் காதில் விழுந்துகொண்டிருந்தது. நம் குடும்பங்கள் பலவற்றிற்கு முதன்முதலில் ஆங்கிலம் வந்ததே அரசு முத்திரையிட்ட உறைக்குள்தான். ஆகவே நம் மாணவன் ஒருவன் இத்தொடர்களில் தடுமாறினால், கேட்டுப் பழகும் வாய்ப்பு அவனுக்குக் குறைவு என்பதே அதன் பொருள். அவன் அறிவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் தடுமாறியதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய, அமெரிக்கப் படைத்தலைவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஒரு குறிப்பை "டேபிள்" செய்வது பற்றி நெடுநேரம் வாதம் நடந்ததாகச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியுள்ளார். ஆங்கிலேயர்க்கு அச்சொல்லின் பொருள் உடனே விவாதத்திற்கு எடுத்தல், அமெரிக்கர்க்கோ ஒத்திவைத்தல். இரு தரப்பாரும் விரும்பியது ஒன்றே. ஒரே சொல் அவர்களை எதிரெதிராக நிறுத்திவிட்டது.

இனித் தேர்வுக்குரிய செய்தியை விரைந்து பார்த்துவிடுவோம். பூனையும் நாயுமாக மழை பெய்கிறது, வாளியை உதைத்தான் என்பன போன்ற தொடர்களைக் கண்டு அஞ்ச வேண்டா. பெருமழை பெய்தது, இறந்துபோனான் என்பன அவற்றின் பொருள். வாளிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்பது கண்ட அளவிலேயே தெரிவதால், இங்கே ஏதோ மரபு இருக்கிறது என்று நாம் விழித்துக்கொள்கிறோம். நம்மை ஏமாற்றுபவை எளிய சொற்களால் ஆன தொடர்களே. வேலை "ஆல் பட்" முடிந்தது என்றால் ஏறத்தாழ முடிந்தது என்று பொருள். வினாத்தாள் "எனிதிங் பட்" எளிது என்றால் எளிதே அன்று என்று பொருள். "நத்திங் பட்" என்றால் அது மட்டுமே என்று பொருள். ஒரே "பட்" மூன்று இடங்களில் மூன்று வேலை செய்கிறது! "ஃபியூ" என்றால் இல்லை என்று சொல்லத்தக்க அளவு. "எ ஃபியூ" என்றால் சில. "கொய்ட் எ ஃபியூ" என்றாலோ பல. "தி லாஸ்ட் மேன் டு லை" என்று ஒருவரைப் பற்றி எழுதினால், கடைசியாகப் பொய் சொன்னவர் என்று பொருளாகாது. எவர் பொய் சொன்னாலும் அவர் சொல்லமாட்டார் என்று பொருள்.

இவ்வரிசையில் ஒன்றனை மட்டும் தனியே குறித்துக்கொள்க. "லீவ்ஸ் மச் டு பி டிஸயர்ட்" என்பது அது. மேலதிகாரி ஒருவர், தம் கீழ்ப் பணியாற்றுபவரின் வேலையைப் பற்றி ஆண்டறிக்கையில் இத்தொடரை எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். "டிஸயர்" என்றால் விருப்பம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆகவே அவர் நம் வேலையைப் பெரிதும் விரும்புகிறார் என்று மகிழ்ந்துபோகத் தோன்றும். உண்மையில், இவர் வேலை போதாது, விரும்பத்தக்க அளவிற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்பதே அதன் பொருள். மறுப்புரை எழுதவேண்டிய இடத்தில் நன்றி கூறிவிட்டு வந்தால் பதவி உயர்வு என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என்று ஒன்று கூறுவர். ஒரு தொழிலார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்று வழங்கியதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். அரசு அலுவலக ஆங்கிலமும் ஒரு வகைக் குழூஉக்குறியே. "என்டர்டெயின்" என்றால் கேளிக்கையளித்தல் என்று நாம் அறிவோம். அலுவலகத்தில் விண்ணப்பத்தை "என்டர்டெயின்" செய்ய இயலாது என்றால் ஏற்க இயலாது என்று பொருள். "டிஸ்பென்ஸ்" என்றால் வழங்குதல். மருந்து வழங்கும் இடத்தை டிஸ்பென்சரி என்கிறோம். அதனோடு "வித்" என்ற சிறு சொல் சேர்ந்து "டிஸ்பென்ஸ்ட் வித்" ஆகிவிட்டால், உம் பணி இனி வேண்டா, நீக்கப்பட்டீர் என்று பொருளாகிவிடும். "சேவ்" என்றால் காப்பாற்றுதல், சேமித்தல்; சட்ட வாசகத்தின் தொடக்கத்தில் வந்தால் "நீங்கலாக" என்று பொருள். "அசைன்மென்ட்" என்பது மாணவர்க்கு வீட்டுப் பாடம். வருவாய்த் துறையில் நில ஒப்படை. 1892ஆம் ஆண்டு ஆணையின்படி நம் முன்னோர்க்கு வழங்கப்பெற்ற பஞ்சமி நிலங்கள் "கண்டிஷனல் அசைன்மென்ட்" என்ற வகையைச் சேர்ந்தவை. அதாவது நிபந்தனையோடு கூடிய ஒப்படை. முதல் பத்தாண்டுகளுக்கு எவர்க்கும் விற்கலாகாது, அதற்குப் பின்னும் நம் மக்களுக்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. அந்த ஒற்றைச் சொல்லின் பொருள் தெரியாமல், கைந்நாட்டு வைத்துக் கைமாறிப்போன நிலங்கள் எத்தனையோ!

நாம் அறிந்த ஓர் இளைஞரின் செய்தியை இங்கே சொல்ல வேண்டும். பட்டப்படிப்பை முடித்து, ஓர் அலுவலகத்தின் எழுத்துத் தேர்வில் அவர் தேறியிருந்தார். ஒரு நாள் ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் மூலச் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும், தவறினால் அவருக்குரிய இடம் நீக்கப்படும் என்பது கடிதத்தின் செய்தி. "தவறினால்" என்பதற்கு அதில் எழுதியிருந்த தொடர் "ஃபெயிலிங் விச்". ஃபெயில் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பொருளில்தான் அவர் கேட்டிருந்தார். அச்சொல்லும் நீக்கம் என்ற சொல்லும் ஒரே வரியில் நிற்கக் கண்டதும், தாம் தேறவில்லை என்று முடிவு செய்துவிட்டார். வீட்டில் கேட்க ஆளில்லை. வெளியில் காட்ட வெட்கம். கடிதம் தகரப் பெட்டியின் அடிக்குப் போயிற்று. தோழர் ஒருவர் கண்ணில் அது பட்டபோது குறிப்பிட்ட நாள் கடந்து ஒரு மாதத்திற்கு மேல் ஆகியிருந்தது. அவ்விளைஞர் பின்னர் வேறு பணியில் அமர்ந்தார் என்பது வேறு செய்தி. அந்த இடம் போனது போனதுதான். நீங்கள் வராவிட்டால் என்று நான்கு எளிய சொற்களில் எழுதினால் அலுவலகத்தின் பெருமை குறைந்தா போயிருக்கும்?

இத்தகைய நேரத்திற்கென்றே இன்னொரு தொடர் இருக்கிறது. "காண்டோன் தி டிலே" என்பது அது. காலத்தாழ்வைப் பொறுத்தருள்க என்று வேண்டுவது. இரங்கலைக் குறிக்கும் "கண்டோலன்ஸ்" என்ற சொல்லோடு இதனை மயங்க வேண்டா. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, போதிய காரணம் காட்டினால் மேல்முறையீட்டில் நேர்ந்த காலத்தாழ்வை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அலுவலகங்களிலும் இவ்வாறு கேட்டுப் பார்க்கலாம். கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆயினும் கேட்பதற்குரிய சொல் நம் கையில் இருக்க வேண்டும்.

ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆளெடுக்கும்போது "நன் ஃபவுண்ட் சூட்டபிள்" என்று எழுதி இடத்தைக் காலியாக விடும் வழக்கத்தை அறிவீர்கள். தகுதியுடையவர் எவரும் காணப்படவில்லை என்பது சொற்பொருள். இத்தொடரில் எழுவாய் எங்கே? தேடியவர் யார், எந்த அளவுகோலைக் கொண்டு தேடினார், எத்தனை பேரைக் கண்டார் என்பவை எல்லாம் செயப்பாட்டு வினைக்குள் மறைந்துவிடுகின்றன. இலக்கண வகுப்பில் செய்வினையாக மாற்றி எழுதுக என்று பயிற்சி தருவார்களே, அந்தப் பயிற்சியை இத்தகைய தொடர்களில் செய்து பார்க்க வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்திலும் ஒரு மரபு வாய்பாடு உண்டு. அரசுப் பணிகளில் ஒதுக்கீடு பற்றிய 16ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, இப்பிரிவிலுள்ள எதுவும் ஒதுக்கீடு செய்யவிடாமல் அரசைத் தடுக்காது என்ற அமைப்பில் எழுதப்பட்டுள்ளது. ஆங்கில மூலத்தில் "ஷால்" என்ற சொல் இருக்கிறது. "ஷால்" வந்தால் கட்டாயம் என்று படித்த மாணவர், அரசு ஒதுக்கீடு தந்தே தீர வேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்லிவிடுகிறார். அங்கே "ஷால்" கட்டுப்படுத்துவது அரசை அன்று. "எதுவும்" என்ற சொல்லை. அதாவது அரசு விரும்பினால் செய்யலாம், இப்பிரிவு குறுக்கே நில்லாது. 2020ஆம் ஆண்டு உத்தரகண்ட் மாநில வழக்கொன்றில், பதவி உயர்வில் ஒதுக்கீடு அளிக்குமாறு அரசைக் கட்டாயப்படுத்த இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது இந்த வாய்பாட்டின் அடிப்படையில்தான். அத்தீர்ப்பு நமக்கு உவப்பானதன்று. ஆயினும் எந்தச் சொல்லில் பூட்டு இருக்கிறது என்று அறியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இனி, வரலாற்றைத் தம் வயிற்றில் சுமந்திருக்கும் சில சொற்களுக்கு வருவோம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1890களிலிருந்து, கறுப்பின மக்கள் வாக்களிப்பதைத் தடுக்க எழுத்தறிவுச் சோதனைகளைப் புகுத்தினார்கள். எழுத்தறியாத வெள்ளையர் என்ன செய்வது? அடிமை முறை ஒழிந்து கறுப்பின மக்கள் வாக்குரிமை பெறுவதற்கு முன்பே பாட்டன் வாக்களித்திருந்தால் பேரனுக்குச் சோதனை இல்லை என்று விதி செய்தார்கள். அது பாட்டன் விதி, "கிராண்ட்ஃபாதர் கிளாஸ்". 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது. விதி போயிற்று, சொல் போகவில்லை. பழையவர்க்குப் புது விதியிலிருந்து விலக்களிப்பதை இன்றும் "கிராண்ட்ஃபாதரிங்" என்கிறார்கள். 2018ஆம் ஆண்டு நம் நாட்டு நிதிநிலை அறிக்கையை ஒட்டிப் பங்கு ஆதாய வரி பற்றி நாளேடுகள் எழுதியபோதும் இச்சொல் வந்தது. பாட்டன் சொத்து இல்லாதவர்களாகிய நாம் இச்சொல்லின் பிறப்பை மறக்கலாகாது.

"பாய்காட்" என்ற சொல்லின் கதை இன்னும் அருகில் வருகிறது. 1880ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் நிலப்பிரபு ஒருவரின் முகவராக இருந்தவர் சார்லஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்க மறுத்துக் குடியானவர்களை வெளியேற்ற முனைந்த அவருக்கு எவரும் அறுவடை செய்யவில்லை. கடைக்காரர் பண்டம் விற்கவில்லை. அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. அங்கே ஏழைகள் வலியவர்மேல் எய்த அம்பு அது. நம் நாட்டிற்கு வந்ததும் திசை மாறிவிட்டது. கூலி உயர்த்திக் கேட்டாலும், பொதுக் குளத்தில் தண்ணீர் எடுத்தாலும், ஊரார் சேரிக்கு வேலையில்லை, கடையில் உப்பில்லை, நடக்கப் பாதையில்லை என்பார்கள். "சோஷியல் பாய்காட்" என்ற தொடருக்கு ஊர்விலக்கு என்று அகராதி எழுதிவிடும். அடுப்பில் பூனை உறங்குவதே அதன் முழுப் பொருள் என்பது அதற்குள் வாழ்ந்தவர்க்குத் தெரியும். 1930இல் இலண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் கூட்டாக அளித்த பாதுகாப்புத் திட்டத்தில், இவ்விலக்கினைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார்கள். பர்மாவில் 1922இல் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்றை அதற்கு மாதிரியாகக் காட்டினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சமூக, பொருளாதார விலக்கு தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. இடையில் கழிந்தவை எண்பத்தைந்து ஆண்டுகள்.

நம்மைக் குறித்த சொற்களிலும் குழப்பம் குறைவன்று. பழைய ஆவணங்களில் வரும் "டிப்ரெஸ்ட் கிளாசஸ்" என்பதை நம் மாலை வகுப்பு மாணவி ஒருவர் மனச்சோர்வுற்ற வகுப்பார் என்று மொழிபெயர்த்தார். இன்று கல்லூரியில் அச்சொல் அப்பொருளில்தானே வழங்குகிறது! அழுத்தி வைக்கப்பட்ட மக்கள் என்பதே அன்றைய பொருள் என்று திருத்தினோம். முழுப் பிழை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "ஷெட்யூல்டு" என்பது இழிவு காட்டும் சொல் என்று சிலர் எண்ணிக் கூசுகிறார்கள். சட்டத்தின் பின்னிணைப்பாக வரும் பட்டியலுக்கு ஷெட்யூல் என்று பெயர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் வழியே வந்து, 1936இல் தனி ஆணையாகப் பட்டியல் வெளியாயிற்று. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்ற பெரிய வங்கிகளையும் ஷெட்யூல்டு வங்கிகள் என்றே அழைக்கிறார்கள். அவ்வங்கிகளின் தலைவர்கள் எவரும் கூசியதாகத் தெரியவில்லை. "அன்டச்சபிள்" என்ற சொல்லின் போக்கோ வியப்பிற்குரியது. விளையாட்டுச் செய்தியில் வந்தால் எவராலும் வெல்ல முடியாதவர் என்று புகழ்ச்சி. கையூட்டுத் தொட முடியாதவர்கள் என்ற பொருளில் சிகாகோ நகரில் எலியட் நெஸ் தலைமையில் இயங்கிய அதிகாரிகளுக்கும் அப்பெயர் சூட்டினார்கள். நம் நாட்டில் அச்சொல் குறித்த கொடுமையை ஒழிக்க அரசமைப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவு தேவைப்பட்டது.

இளைஞர்களே, எல்லாவற்றினும் கசப்பான சொல் ஒன்று ஆங்கில அகராதியில் இருக்கிறது. "பெரையா" என்பது அது. தேர்வுக்கு நீங்கள் படிக்கும் சொற்பட்டியலிலும் இருக்கும். ஒதுக்கித் தள்ளப்பட்டவர் என்று பொருள் எழுதியிருப்பார்கள். அது நம் மக்களுள் ஒரு பெரும்பிரிவினரின் பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக் கரையிலிருந்து கப்பலேறிய பெயர். பறை என்ற தோற்கருவியிலிருந்து வந்தது என்று அவ்வகராதிகளே கூறுகின்றன. முழங்கியவனின் பெயர் விலக்கப்பட்டவனின் பெயராக மாறியதை ஆங்கிலம் தானாகச் செய்யவில்லை. இங்கே கண்டதை எழுதிக்கொண்டது. 1886இல் யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதியில், தெருநாய்க்கும் பருந்துக்கும் மட்டமான சாராயத்துக்கும் இதே அடைமொழி சேர்ந்திருப்பதைக் காணலாம்.

இதற்கு நம் முன்னோர் இருவேறு விடை கண்டனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் பறையன் என்றே பெயர் சூட்டி, இகழ்ச்சியைக் கொடியாக உயர்த்தினார். எம்.சி. இராசா அவர்கள் 1922இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் அப்பெயரை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதச் செய்தார். இவ்விருவருள் எவர் செய்தது சரி என்ற வழக்கு நம் பெரியோரிடையே இன்னும் முடியவில்லை; முடிய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆங்கில உலகம் இரண்டையும் கேட்கவில்லை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவைப் பிற நாடுகள் ஒதுக்கியபோது "பெரையா ஸ்டேட்" என்று எழுதினார்கள். மனிதரை நிறத்தால் ஒதுக்கிய குற்றத்திற்காக ஒதுக்கப்பட்ட நாட்டிற்கு, எந்தக் குற்றமும் செய்யாமல் ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர்!

தேர்வில் அச்சொல்லின் பொருளைக் கேட்டால் எழுதி மதிப்பெண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் கட்டுரையில் அது வேண்டா. "ஷன்ட்", "ஐசொலேட்டட்" என்று வேறு நல்ல சொற்கள் இருக்கின்றன. நாளேட்டில் கண்டால், அச்சொல்லின் பிறப்பைக் குறிப்பிட்டு ஆசிரியருக்கு நான்கு வரி எழுதுங்கள். பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

பயிலும் முறையைப் பற்றிச் சில சொல்லி அமர்கிறோம். தொடரை மட்டும் எழுதிப் பொருள் எழுதிவைத்தால் மறுவாரம் மறந்துபோகும். எந்த வாக்கியத்தில் கண்டீர்களோ அவ்வாக்கியம் முழுவதையும் எழுதி, யார் யாரிடம் சொன்னது என்பதையும் குறியுங்கள். வித், பட், அப், ஆஃப் போன்ற சிறு சொற்களைத் தாண்டிக்கொண்டு ஓடாதீர்கள்; குழி அங்கேதான் இருக்கிறது. சொல் தெரிந்தது போலவும் வாக்கியம் பொருந்தாதது போலவும் தோன்றினால், உங்கள் அறிவை ஐயுறுமுன் அகராதியில் அச்சொல்லின் கீழ் உள்ள பிற பொருள்களைப் பாருங்கள். நம் நூல்நிலையத்தில் ஆட்சிச் சொல்லகராதி இருக்கிறது. வாசகச் சாலையில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் ஆங்கில நாளேட்டை வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்டால், வீட்டில் கிட்டாத செவிப்பழக்கம் ஓரளவு கிட்டும்.

ஆங்கிலத்தில் வந்த ஆணையோ அழைப்போ அறிவிப்போ கையில் வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டா. கூட்டம் முடிந்ததும் மேடையின் இடப்பக்கம் உள்ள மேசைக்கு வாருங்கள். உடனிருந்து படித்துப் பொருள் சொல்ல மூவர் காத்திருக்கிறார்கள். நாள் குறித்த கடிதம் உடையவர்கள் முதலில் வரட்டும். மூலத்தை எவரிடமும் விட்டுச்செல்லாதீர்கள். படி மட்டும் கொடுங்கள்.